வளர்ப்புக் கடனும் ஈமக்கடனும்: கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் பெற்றோர் மக்கள் உறவின் முறிவு

கிரேக்கத் துன்பியல் நாடகத்தைப் பயிற்றுவிக்குங்கால், ‘ஊழ்’ என்னும் ஒரு சொல்லைக் கொண்டே அதன் பொருள் முழுவதையும் முடித்துவிடுதல் எளிது. ஈடிப்பசு தந்தையைக் கொன்றது ஊழ்; ஒரெசுடீசு தாயைக் கொன்றது ஊழ்; இவ்வாறு கூறி அமைந்துவிடின் மாணாக்கர் மேலும் வினவார். சிலப்பதிகாரம் பயின்ற நமக்கு இவ்விளக்கம் பழகிய வழியாகவும் இருக்கிறது. ஆயின், அந்நாடகங்களில் பெற்றோரும் மக்களும் நேர்நின்று பூசலிடும் காட்சிகளைத் தனியே எடுத்துப் படிப்பார்க்கு ஒன்று புலனாகும். அவ்விடங்களில் மாந்தர் ஊழைப் பற்றிப் பேசுவது குறைவு. அவர்கள் பேசுவது கணக்கு. யார் யாருக்குச் சோறு ஊட்டினார், யார் யாரைத் தெருவில் விட்டார், முதுமையில் தாங்கவேண்டியவர் யாவர், இறந்தால் மண்ணிடவேண்டியவர் யாவர் என்பனவே அவர்தம் வாயில் வருகின்றன. இக்கணக்கினை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அரிசுடாட்டில் தமது கவிதையியலின் 14ஆம் இயலில், அச்சமும் இரக்கமும் மிகத் தோன்றும் களம் உறவினரிடையே நிகழும் கொடுமையே என்றார். பகைவன் பகைவனைக் கொல்வதில் அவலம் சிறிதே. மகன் தந்தையையோ, தாய் மகனையோ, மகன் தாயையோ கொல்லும்போதும் கொல்ல முற்படும்போதும் அது முழுமை பெறுகிறது என்பது அவர் கருத்து. சிறந்த நாடகங்கள் சில குடிகளின் கதைகளையே சுற்றி வருகின்றன என்பதையும் முந்தைய இயலில் குறித்துள்ளார். எங்கே நோக்குதல் வேண்டும் என்பதை அவர் காட்டினார். அவ்வுறவு எதனால் கட்டப்பட்டிருந்தது, முறியும்போது அதன் எந்தப் புரி முதலில் அறுகிறது என்ற வினாவை அவர் எழுப்பவில்லை.

கிரேக்க மொழியில் ‘திரோபே’ என்றொரு சொல் உண்டு. ஊட்டுதல், பேணுதல், வளர்த்தல், வளர்ப்பதற்கு வேண்டிய உணவு ஆகிய அனைத்தும் அதன் பொருளில் அடங்கும். பெற்றோர் தம் மக்களுக்கு அளித்த திரோபேயை மக்கள் தம் பெற்றோர்க்கு முதுமையில் திருப்பித் தரவேண்டும் என்பது மிகப் பழைய எண்ணம். ஓமரின் இலியத்தில், நான்காம் காண்டத்தில், ஏயாசின் வேலுக்கு இரையாகும் இளைஞன் சிமோயிசியசைப் பற்றிப் பாடும் புலவர், வளர்த்த பெற்றோர்க்கு அவ்வளர்ப்பின் விலையைத் தராமலே மாண்டான் என்று இரங்குகிறார். எசியோடு தம் காலத்து இரும்பு யுகத்தாரின் இழிவுகளை எண்ணும்போது, மூத்த பெற்றோர்க்கு வளர்ப்பின் கடனைத் திருப்பாமையையும் ஒன்றாக எண்ணுகிறார். இச்சொல்லுக்குத் தமிழில் நேரான சொல் தேடுவோர்க்குப் பொன்முடியார் பாட்டில் தாயின் கடனாகக் கூறப்படும் ‘புறந்தருதல்’ முன்வந்து நிற்கும். எனினும் வேறுபாடு உண்டு. அப்பாட்டில் மகனுக்கு விதிக்கப்படும் கடன் போர்க்களத்தை நோக்கியது; பெற்றோரை நோக்கி மீள்வதன்று. வள்ளுவரும் மகன் தந்தைக்கு ஆற்றும் உதவியைப் பிறர் கூறும் புகழ்மொழியில் வைத்தார். ஏதென்சு நகரத்தாரோ அதனைச் சோற்றிலும் உறைவிடத்திலும் வைத்தனர்.

அவ்வாறு வைத்தது வெறும் அறவுரையாக அன்று, சட்டமாக. மகனுக்கு ஒரு தொழில் கற்பிக்காத தந்தையை அம்மகன் காக்கவேண்டுவதில்லை எனச் சோலோன் விதித்ததாகப் புளூட்டார்க்கு எழுதுகிறார். கடன் என்றால் முதலும் வேண்டும். முதல் இடாதவன் வட்டி கேட்டல் ஆகாது. ஆர்க்கோன் பதவிக்குத் தெரிவு பெற்றவரைப் பதவியேற்குமுன் வினவும் வினாக்களுள், பெற்றோரை நன்கு பேணுகின்றனையா என்பதும், உன் குடியின் கல்லறைகள் எங்கே உள்ளன என்பதும் இருந்தன. அரிசுடாட்டில் பெயரால் வழங்குவதும், பாப்பிரசு ஏட்டிலிருந்து கெனியன் 1891இல் பதிப்பித்ததுமாகிய ‘ஏதென்சு அரசியலமைப்பு’ இதனைத் தெரிவிக்கிறது. பேணலும் கல்லறையும் ஒரே வினாநிரலில் நிற்பது கருதத்தக்கது.

இவற்றினும் எமக்குப் பெருந்துணையாவது, நாடகங்களுக்குப் பிற்பட்ட காலத்தவராயினும் பழஞ்சட்டத்தையே எடுத்தோதும் ஈசுக்கினீசு என்னும் பேச்சாளர் தரும் சான்று. திமார்க்கசு என்பவனுக்கு எதிராகக் கி.மு. 346–345 அளவில் ஆற்றிய உரையில் அவர் ஒரு விதியைக் கூறுகிறார். தன் மகனைக் காமத் தொழிலுக்குக் கூலிக்கு விட்ட தந்தை, மகனிடம் உணவும் உறையுளும் கேட்கும் உரிமையை இழக்கிறான். ஆயின், அத்தகைய தந்தை இறந்தபின் அவனை அடக்கம் செய்தலும் வழக்கமான சடங்குகளை ஆற்றுதலும் மகனுக்கு உரிய கடமைகளே. ஆகவே ஏதென்சு மக்களின் எண்ணத்தில் கடன்கள் இரண்டு. ஒன்று வளர்ப்பால் வருவது. வளர்ப்புப் பொய்த்தால் தானும் பொய்ப்பது. மற்றொன்று பிறப்பால் வருவது, எக்கொடுமையாலும் நீங்காதது, இறப்பின்போது ஈமக்கடனாக வந்து நிற்பது. துன்பியல் நாடகத்தில் பெற்றோரும் மக்களும் பிரியும் இடமெல்லாம், முதற்கடனைத் தீர்த்துவிட்டோம் என்று கருதி இரண்டாவதையும் தீர்த்துவிட முயலும் இடம் என்பது எம் துணிபு. சட்டத்திலிருந்து நாடகம் பிறந்தது என்று யாம் கூறவில்லை. சட்டம் தெளிவாகப் பிரித்துவைத்த இரண்டையும் மாந்தர் தம் சினத்தில் ஒன்றாக்கிவிடுகின்றனர் என்பதே கூறவந்தது.

ஈசுகைலசின் ‘ஒரெசுடெய்யா’ முக்கோவை கி.மு. 458இல் அரங்கேறியது. அதன் இரண்டாம் நாடகத்தில், கணவன் அகமெம்னனைக் கொன்று ஆளும் கிளைத்தெம்னெசுதிராவின் அரண்மனைக்கு, சிறுவயதிலேயே வெளியே அனுப்பப்பட்ட மகன் ஒரெசுடீசு மாறுவேடத்தில் வந்து, தான் இறந்துபட்டதாகத் தானே செய்தி சொல்கிறான். செய்தி கேட்டு அழுதுகொண்டு வெளியே வருபவள் தாய் அல்லள். கிலிசா என்னும் முதிய செவிலி. அவள் பேச்சு துன்பியல் நடைக்கு ஒவ்வாத பேச்சு எனச் சிலர் முகம் சுளிப்பர். தாயின் கையிலிருந்து வாங்கி வளர்த்த குழவி இரவெல்லாம் அழுது தன்னை எழுப்பியதையும், துணியிற் சுற்றிக் கிடக்கும் பிள்ளை பசியா, விடாயா, சிறுநீரா என்று சொல்லமாட்டாமையையும், அதன் வயிறு தன் விருப்பப்படி நடப்பதையும், அதை முன்னறியும் வருவதுரைப்பவளாகத் தான் இருக்க நேர்ந்ததையும், அவ்வறிவு பொய்த்தபோதெல்லாம் வண்ணாத்தியாகித் துணி வெளுத்ததையும் அவள் சொல்லுகிறாள். அரசகுமாரன் ஒருவனின் மலசலத்தைப் பற்றி இத்துணை விரிவாக ஈசுகைலசு பாடியது நகைச்சுவைக்காக என்பாரும் உளர். அரிசுடோபனீசின் ‘முகில்கள்’ நாடகத்திலும் மகனால் அடிபட்ட தந்தை ஏறக்குறைய இதே நினைவுகளை, மழலைச் சொற்களோடு, அடித்த மகனிடம் முறையிடுகிறான்; அங்கே அது நகைப்புக்கே உரியது. ஈசுகைலசிடம் அது சாட்சியம்.

ஏனெனில், ஏறத்தாழ நூற்றைம்பது அடிகள் கழிந்து, வாளோடு நிற்கும் மகன்முன் கிளைத்தெம்னெசுதிரா தன் மார்பைத் திறந்து காட்டுகிறாள். இம்மார்பில் நீ உறங்கியவாறே பால் உண்டனை, நான் உன்னை வளர்த்தேன், உன்னோடு முதுமையடைய விழைகின்றேன் என்பது அவள் கூற்றின் பொருள். கடனைத் திருப்பிக் கேட்கும் முறையான மொழி அது. அவையோரோ சற்றுமுன் கிலிசாவின் பேச்சைக் கேட்டு அமர்ந்திருக்கின்றனர். வளர்த்தவள் யார் என்பது அவர்க்குத் தெரியும். அவ்வகையில் அரசியின் முறையீடு பொய்க்கணக்கு. ஆயினும் ஒரெசுடீசு தயங்குகிறான். தாயைக் கொல்ல அஞ்சுதல் தகுமோ என்று தோழன் பைலாடீசை வினவுகிறான். நாடகம் முழுவதும் வாய்திறவாத பைலாடீசு இவ்வொரு முறை பேசுகிறான். அப்பல்லோவின் ஆணையை நினைவூட்ட ஒரு மனிதன் தன் மௌனத்தைக் கலைக்கவேண்டிய அளவுக்கு அத்தயக்கம் வலிது. வளர்ப்புக் கணக்கு பொய்யெனத் தெரிந்தும் அவன் கை தாழ்ந்தது எதனால்? மார்பு வளர்ப்பின் அடையாளமாக மட்டும் இருந்திருப்பின் தயக்கத்திற்கு இடமில்லை. அது பிறப்பின் அடையாளமும் ஆகும். பாம்பைப் பெற்று அதற்குப் பாலூட்டியதாகவும், அது பாலோடு குருதிக் கட்டியையும் இழுத்ததாகவும் அவள் கண்ட கனவை இங்கு நினைத்துக்கொள்ளல் தகும். தான் பாலூட்டியதற்கு அவளிடம் எஞ்சும் உறுதியான சான்று அக்கனவே எனல் தகும்.

கோவையின் மூன்றாம் நாடகத்தில் வழக்கு மன்றத்திற்கு வருகிறது. ஒரெசுடீசுக்காக வாதிடும் அப்பல்லோ, தாய் எனப்படுபவள் பிள்ளையின் பெற்றோர் அல்லள், விதைத்த கருவைப் பேணி வளர்ப்பவள் மட்டுமே என்று வாதிடுகிறார். அங்கு அவர் ஆளும் சொல் ‘திரோபோசு’, அதாவது செவிலி. கொலைக்கு முன் அவள் பெற்றவளே அன்றி வளர்த்தவள் அல்லள் எனப்பட்டாள். கொலைக்குப் பின் வளர்ப்பவளே அன்றிப் பெற்றவள் அல்லள் எனப்படுகிறாள். இவ்விரண்டும் ஒருங்கே மெய்யாதல் இயலாது. ஈசுகைலசு இதனை அறியாது எழுதினார் என்பது எமக்கு ஏற்புடைத்தன்று. வாக்குகள் சமமாய்ப் பிரிகின்றன. தாய் வயிற்றிற் பிறவாத அதீனாவின் வாக்கே அவனை விடுவிக்கிறது. பிறப்பின் கடனைத் தள்ளுதற்குப் பிறப்பே வேறாகிய ஒரு தெய்வம் வேண்டியிருந்தது என்றே இதனைக் கொள்ளுதல் வேண்டும். மனித நடுவரிற் பெரும்பான்மை அதனைச் செய்யத் துணியவில்லை.

யூரிப்பிடீசு இச்சிக்கலைக் கீழே, வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவருகிறார். கி.மு. 438இல் அரங்கேறிய ‘அல்செசுத்திசு’ துன்பியல் மூன்றுக்குப் பின் நான்காவதாக ஆடப்பட்டது, இன்பமாக முடிவது, ஆதலின் அதனைத் துன்பியலில் சேர்க்கத் தயங்குவாரும் உளர். எனினும் பெற்றோர் மக்கள் பிளவை இத்துணைக் கூர்மையாகக் காட்டும் காட்சி வேறொன்று அரிது. அரசன் அத்மீட்டசு சாகவேண்டிய நாளில் அவனுக்காக உயிர்தர ஒருவர் வேண்டும். முதிய தந்தையும் தாயும் மறுத்தனர். மனைவி அல்செசுத்திசு இசைந்து மாண்டாள். அவள் உடல் முன்னிலையில், ஈம அணிகளோடு தந்தை பெரீசு வருகிறான். மகன் அவற்றை ஏற்க மறுக்கிறான். நீ என்னைப் பெற்றவன் அல்லை, அடிமைக் குருதியிற் பிறந்து உன் மனைவியின் மார்பில் மறைவாக இடப்பட்டவன் யான் போலும் என்கிறான். வேறு மகன் ஒருவனை விரைந்து பெற்றுக்கொள், அவன் உன் முதுமையைப் பேணட்டும், உன் உடலை அடக்கட்டும், என் கையால் உனக்கு மண்ணிடேன் என்கிறான். என்னைக் காத்தவர் எவரோ அவர்க்கே யான் மகனும் முதுமைத் துணையும் ஆவேன் என்று அயலிலிருந்து வந்த மனைவியைத் தாயும் தந்தையுமாக வைத்துப் பேசுகிறான்.

இப்பேச்சில் இரு கடன்களும் ஒரே மூச்சில் தள்ளப்படுவதைக் காணலாம். பெரீசின் மறுமொழி கண்டிப்பான கணக்கனின் மறுமொழி. உன்னைப் பெற்றேன், வளர்த்தேன், இந்த வீட்டின் தலைவனாக்கினேன், நிலம் விட்டுச் செல்கிறேன். மக்களுக்காகத் தந்தையர் சாகவேண்டும் என்னும் முறை எம் முன்னோரிடத்தும் இல்லை, கிரேக்க நாட்டிலும் இல்லை. ஒளியைக் காண உனக்கு ஆசை இருப்பின் உன் தந்தைக்கு இராதோ? யாம் இம்முதியவனை விரும்பவில்லை. நாடகத்தைப் படிக்கும் எவரும் விரும்பார். ஆயின் அவன் கணக்கில் பிழை காண்பது அரிது. வளர்ப்புக் கடனில் உயிர் சேராது. மகன் கேட்பது கடனன்று, கொடை. கொடையை மறுத்தவனைக் கடன் மறுத்தவனாக்கித் தண்டிக்கிறான். இறுதியில், கட்டியக்காரரைக் கொண்டு உன் தந்தைமையைத் துறந்து அறிவிக்க வேண்டுமெனின் அதுவும் செய்வேன் என்கிறான். மகனைத் தந்தை கட்டியம் கூறித் துறக்கும் முறையைப் பிளேட்டோவின் ‘சட்டங்கள்’ குறிப்பிடுகிறது. இங்கே முறை தலைகீழாகிறது. மகன் தந்தையைத் துறக்கிறான். அல்செசுத்திசு மீண்டு வருகிறாள், பெரீசு மீளவில்லை. நாடகத்தின் இன்ப முடிவில் இப்பிளவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆறாத புண்ணின்மேல் கட்டப்பட்ட இன்பம் அது.

‘மீடியா’ (கி.மு. 431) பெரிதும் ஆராயப்பட்ட நாடகமாதலின் ஒன்றே சொல்லி அகல்வோம். பிள்ளைகளைக் கொல்லுமுன் மீடியா அவர்களிடம் பேசும்போது, வீணே வளர்த்தேன், வீணே நோவுற்றேன், என் முதுமையில் பேணி, இறந்தபின் உங்கள் கையால் என்னை ஒப்பனை செய்து அடக்குவீர்கள் என்று நம்பியிருந்தேன் என்று அழுகிறாள். வளர்ப்பும் ஈமமும் இங்கும் அடுத்தடுத்தே வருகின்றன. கொன்றபின் யாசோன் கேட்பது பிள்ளைகளின் உடலை மட்டுமே. அழுது அடக்கவேனும் விடு என்கிறான். அவள் மறுத்து, தன் கையாலேயே அடக்கப்போவதாகக் கூறித் தேரில் எழுகிறாள். தந்தை என்ற உறவில் அவனிடம் எஞ்சியிருந்தது ஈமக்கடன் ஒன்றே. அதனைப் பறிப்பதே அவள் பழியின் நிறைவு. ‘இப்பொலித்தசு’ (கி.மு. 428) நாடகத்தில் மட்டும் தந்தையின் சாபத்தால் மாயும் மகன், உயிர் பிரியுமுன் அக்கொலைப் பழியிலிருந்து தந்தையை விடுவிக்கிறான். அவன் முறைமணத்திற் பிறவாத மகன். ஒன்றும் கடன்படாதவனே மன்னிக்கிறான் என்பது நினைக்கத்தக்கது.

இனிச் சோபோக்கிளீசு. ‘அந்திகோனி’ நாடகத்தில் அரசன் கிரியோன், கீழ்ப்படியும் மக்களை வீட்டில் பெறவேண்டும் என்றே தந்தையர் வேண்டுகின்றனர் என்று மகன் ஏமோனுக்கு அறிவுறுத்துகிறான். அந்தப் பெண்ணைப் பகையெனக் கருதிக் காறி உமிழ்ந்து விட்டுவிடு என்கிறான். நான் உன்னுடையவன் என்று தொடங்கிய மகன், கல்லறைக் குகையில் இறந்துகிடக்கும் அந்திகோனியின் அருகே தந்தையைக் காணும்போது, உமிழ்வது தந்தையின் முகத்தில். ஏவிய சொல் ஏவியவன்மேலேயே வீழ்கிறது. வாளை ஓங்கித் தவறி, அதே வாளைத் தன்மேல் பாய்ச்சிக்கொள்கிறான். பிணத்தை அடக்கக் கூடாதென்று ஆணையிட்டவன், தன் மகனின் பிணத்தைத் தன் கையில் ஏந்தி அரங்கிற்கு வருவதை விளக்கவேண்டுவதில்லை.

எல்லாவற்றினும் கடினமானது ‘கொலோனசில் ஈடிப்பசு’. கி.மு. 406–405 அளவில் மறைந்த புலவரின் இந்நாடகத்தை அவர் பெயரே கொண்ட பேரன் கி.மு. 401இல் அரங்கேற்றினான். சோபோக்கிளீசின் மகன் இயோபோன் தந்தைக்கு அறிவு தளர்ந்ததென்று வழக்கிட, முதியவர் இந்நாடகத்தின் பாடலைப் படித்துக்காட்டி வென்றார் என ஒரு கதையைச் சிசிரோவும் புளூட்டார்க்கும் கூறுவர். இக்கதையை வரலாறாகக் கொண்டு, ஈடிப்பசு மகனை நோக்கி இடும் சாபம் புலவரின் சொந்தச் சினமே என்று எழுதினாரும் உண்டு. நகைச்சுவை நாடகத்திற்கு ஏற்ற கதை, திறனாய்வுக்கு ஏற்றதன்று.

ஈடிப்பசின் பிறப்பிலேயே இரு கடன்களும் பிரிந்துகிடந்தன என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். பெற்ற லாயசு கணுக்காலைத் துளைத்து மலையில் விடச்செய்தான். பிள்ளையில்லாத கொரிந்து மன்னன் பாலிபசு பிறர் கையிலிருந்து வாங்கி அன்போடு வளர்த்தான். வளர்த்த தந்தையைக் கொன்றுவிடுவோமோ என்று அஞ்சி ஓடியவன் பெற்ற தந்தையைக் கொன்றான். வளர்ப்பு ஒன்றுமே கடனுக்குக் காரணமாயின் ஈடிப்பசு செய்தது வழியிற் சினமூட்டிய அயலான் ஒருவனைக் கொன்றதே ஆகும். அவனே அவ்வாறு வாதிட்டுத் தப்பியிருக்கலாம். ‘ஈடிப்பசு மன்னன்’ நாடகத்தில் அவன் அவ்வாதத்தை எடுக்கவில்லை, கண்ணைப் பறித்துக்கொள்கிறான். வளர்க்காத தந்தைக்கும் தான் மகனே என்பதைத் தன் உடலால் ஒப்புக்கொண்டவன் அவன்.

அவனே பின்னாளில் கொலோனசு சோலையில் குருட்டு இரவலனாக அமர்ந்திருக்க, மூத்த மகன் பொலினிசீசு புகலடைந்து வருகிறான். தீப்சு நகரத்தைத் தம்பி எதியோகிளீசிடமிருந்து மீட்கப் படை திரட்டியவனுக்குத் தந்தையின் வாழ்த்து வேண்டும். அழுக்கேறிய ஆடையையும் காற்றில் அலையும் தலைமயிரையும் கண்டு, உன்னைப் பேணுவதில் நான் மிகக் கீழோனானேன் என்று அவன் முதற்பேச்சிலேயே ஒப்புக்கொள்கிறான். வழக்கு எதைப் பற்றியது என்பதில் இருவர்க்கும் ஐயமில்லை. இதற்கு முன்னரே ஈடிப்பசு, தன்னை நகரிலிருந்து துரத்தியபோது மகன்மார் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்றும், உணவும் பாதுகாப்பும் உறவின் துணையும் தனக்குக் கிடைத்தது பெண்மக்கள் இருவரிடமிருந்தே என்றும் கூறியிருக்கிறான்.

மகனைப் பார்க்கவே மறுக்கும் தந்தையிடம் அந்திகோனி பேசும் சிறு உரையை ஆய்வாளர் போதிய அளவு கருதவில்லை என்பது எம் எண்ணம். நீ அவனைப் பெற்றவன். ஆதலின் அவன் உனக்கு மிகக் கொடியது செய்தாலும் நீ திருப்பிக் கொடியது செய்தல் முறையன்று என்கிறாள். வளர்ப்பைப் பற்றி ஒரு சொல்லும் அவள் எடுக்கவில்லை; பல்லாண்டு தந்தையைச் சுமந்து வளர்த்தவள் அவளே ஆயினும். தன் வரவுப் பக்கத்தை மறைத்துவிட்டு, பிறப்பு ஒன்றையே முன்வைக்கிறாள். ஈடிப்பசு கேட்க இசைகிறான். கேட்டபின் மறுமொழி கூறுகிறான். இப்பெண்களை எனக்கு வளர்ப்போராகப் பெற்றிராவிடின் உன்னால் யான் இறந்தே போயிருப்பேன். உழைப்பில் இவர்களே ஆண்மக்கள். நீயோ வேறொருவனுக்குப் பிறந்தவன் என்கிறான். இறுதியில் அவனைக் காறி உமிழ்ந்து, தந்தையற்றவனே என்று விளித்து, உடன்பிறந்தான் கையால் மாளுமாறு சபிக்கிறான்.

இச்சாபத்தைத் தெய்வ நீதியின் குரல் என்று கொள்வோரும், கொடுங்கிழவனின் வெறி என்று கொள்வோரும் ஆக இரு பக்கமும் அறிஞர் உளர். நமது பகுப்பைக் கொண்டு நோக்கின், இரு தரப்பும் பாதி மெய்யையே காண்கின்றன. பேணாத மகனுக்கு வாழ்த்தும் துணையும் மறுத்ததில் ஈடிப்பசு சட்டத்தின்படியும் நேர்மையின்படியும் சரியானவன். அக்கணக்கு முடிந்த கணக்கு. ஆனால் அத்துடன் அவன் நிற்கவில்லை. நீ எனக்குப் பிறந்தவன் அல்லை என்ற சொல்லை எவன் சொன்னாலும் ஈடிப்பசு சொல்லக்கூடாது. பிறப்பு மறைந்திருப்பினும், மறுக்கப்படினும் அழியாதென்பதைத் தன் கண்குழிகளில் எழுதிவைத்திருப்பவன் அவன். லாயசு கால்களில் துளையிட்டுச் செய்ய முயன்றதையே ஈடிப்பசு நாவினால் செய்ய முயல்கிறான். லாயசைப் போலவே தோற்கிறான். அத்மீட்டசு தந்தையிடம் சொன்னதும் இதே சொல்லே. ஆங்கு அது சினத்தின் மிகை, இங்கு அது மூன்று தலைமுறைப் பிழையின் தொடர்ச்சி.

சாபம் பெற்ற பொலினிசீசு படையைத் திருப்பிக்கொண்டு போகவில்லை. சாவு உறுதி என்று தெரிந்தும் போகிறான். போகுமுன் தங்கையரிடம் ஒன்றே கேட்கிறான்: இச்சாபம் பலித்தால் என்னை அடக்கம் செய்து, ஈமக்கடன் ஆற்றுங்கள். கொலோனசு நாடகம் எழுதப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே ஏதென்சு அவையோர் ‘அந்திகோனி’யைக் கண்டிருந்தனர். அடக்கத்திற்காக அவள் உயிர் கொடுப்பாள் என்பதை அவர் அறிவர். முதுமையில் சோபோக்கிளீசு பின்னோக்கிச் சென்று அந்தப் புகழ்பெற்ற செயலுக்கு வேர் வைக்கிறார். தந்தை பிறப்பில்லாதவன் என்று வெட்டியவனைப் பிறப்புள்ளவன் என்று நிலைநாட்டும் வேலை, தந்தையை வளர்த்த மகளிடம் வருகிறது. கிரியோனின் ஆணையை மட்டும் அவள் பின்னர் மீறவில்லை. தன் தந்தையின் சொல்லையும் மீறுகிறாள். ‘அந்திகோனி’யை அரசுக்கும் தனிமனித மனச்சான்றுக்கும் இடையிலான போராக மட்டுமே படித்துப் பழகியவர்கள் இதனைச் சேர்த்துப் படித்தல் நன்று.

இன்னொன்றும் உண்டு. கடன்களைத் துல்லியமாக நிறுத்துக் காட்டிய இந்நாடகம், நல்ல மகளிர்க்கும் கணக்கைச் சரியாக முடித்துக் கொடுக்கவில்லை. தெய்வம் அழைக்கும் நேரத்தில் ஈடிப்பசு மகள்களை அணைத்து, உங்கள் துயர் அனைத்துக்கும் ஈடாக என்னிடம் உள்ளது அன்பு ஒன்றே என்னும் கருத்துப்படப் பேசுகிறான். பின்னர் அவர்களை விலகச் சொல்லி, ஏதென்சு மன்னன் தீசியசு ஒருவனை மட்டும் உடன்கொண்டு செல்கிறான். அவன் மறைந்த இடம் எவர்க்கும் தெரியலாகாது என்பது அவன் ஆணை. அவ்விடம் ஏதென்சுக்குக் காவல். அந்திகோனி தந்தையின் கல்லறையைக் கண்ணாலேனும் காணவேண்டும் என்று மன்றாடுகிறாள். தீசியசு மறுக்கிறான், தந்தைக்குக் கொடுத்த வாக்கு என்கிறான். பேணாத மகனுக்கு அடக்கம் உறுதியாகிவிட்டது. பேணிய மகளுக்குத் தன் தந்தையின்மேல் ஒரு பிடி மண் இடவும் வாய்க்கவில்லை. தந்தையின் விருப்பம் அதுவாயின் அமைகிறேன் என்று சொல்லும் அந்திகோனி, அடுத்த சொல்லாக, எங்களைத் தீப்சுக்கு அனுப்புங்கள், உடன்பிறந்தார்மேல் வரும் சாவைத் தடுக்க இயலுமா பார்க்கிறோம் என்று கேட்கிறாள். தீசியசு இசைகிறான்.